முன்னே போகும் வண்டி

"வண்டிய நீ ஓட்டினியா, இல்ல வண்டி உன்ன ஓட்டிச்சா?"

முந்தின நாள் மாலை, எல்லாரும் கேட்கும்படி அண்ணன் இசாத் எறிந்த இந்தக் கேள்விக்கு ரவ்னா அப்பொழுது விடை கூறவில்லை. பனியில் முகங்குப்புற விழுந்து எழுந்தவளுக்கு வாய் நிறையப் பனித்தூள். அதைத் துப்புவதற்கே நேரம் போதவில்லை. மறுநாட் காலை, கூடாரத்து அடுப்பின்மேல் காப்பி பொங்கும் ஓசையைக் கேட்டபடி படுத்திருந்தபோதோ, ஒன்றுக்குப் பத்தாய் விடைகள் தோன்றின. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொடியதாயிருந்தது. அத்தனையையும் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு, காப்பியைக்கூடக் குடியாமல், ஸ்பேனர்ப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

நடந்தது இதுதான். நார்வேயின் வடகோடி மேட்டுநிலத்தில் குளிர்காலம் முழுவதும் மேய்ந்த பனிமான்களைக் கடலோரத்து ஈனும் நிலங்களுக்குக் கொண்டுசேர்க்கும் காலம் அது. சினைமான்கள் வயிறு தாழ்ந்து நடந்தன. வழியின் நடுவே பெரிய ஏரி. அதன் பனிக்கட்டி உறுதியாயிருக்கும்போதே மந்தை அக்கரை சேர்ந்துவிட வேண்டும். இல்லையேல் கன்றுகள் இக்கரையிலேயே பிறக்கும். பிறந்த கன்றுகளோ உருகிய நீரைத் தாண்ட மாட்டா. பகலில் இளகும் பனி மாலையில்தான் இறுகும், நடையும் அப்பொழுதுதான். மந்தையைப் பின்னின்று விரட்டிப் பயனில்லை. பழக்கிய மான் ஒன்றைக் கயிற்றில் கட்டிக்கொண்டு, பனி ஸ்கூட்டரில் ஒருவர் முன்னே, அம்மான் நடக்கும் வேகத்திலேயே போக வேண்டும். அதைப் பார்த்து அடுத்தது, அடுத்ததைப் பார்த்து அதற்கடுத்தது என்று மந்தை முழுவதும் நூல் பிடித்தாற்போல் வரும். முன்வண்டி ஒரு முறை துள்ளினால் போதும், அந்த நூல் அறுந்துவிடும்.

நேற்று அது துள்ளியது. ஏரிக்கு இறங்கும் சரிவில் பாறையொன்றைச் சுற்றுவதற்காக ரவ்னா ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் ஒடித்தாள். கட்டைவிரலால் அழுத்தும் விசைப்பிடியை அவள் அழுத்தவில்லை; எஞ்சின் தானே அலறியது. விரலை முற்றிலும் எடுத்தாள். விசைப்பிடி உயிரற்று ஆடியதேயன்றி எஞ்சின் அடங்கவில்லை. சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்து அணைப்பதற்குள் வண்டி பாய்ந்து, பின்னே கட்டியிருந்த சறுக்குவண்டி கவிழ்ந்து, கயிற்றில் வந்த முசேத் என்னும் கரிய மான் முழங்காலிட்டு இழுபட்டு, அவளும் தூக்கியெறியப்பட்டாள். மந்தை அப்படியே திரும்பி பிர்ச் காட்டுக்குள் சிதறி ஓடியது. அதனைத் திரட்டி முடிப்பதற்குள் நால்வருக்கும் கை கால் ஓய்ந்துபோயின.

நால்வர் என்றால், ரவ்னா, அவளுடைய அண்ணன் இசாத், அவன் மனைவி காரென், சிற்றப்பன் மிக்கல். நான்கு பேரின் மான்களும் ஒரே மந்தை; இத்தகைய கூட்டைத்தான் அங்கே சீடா என்பார்கள். சீடாவில் ஒருவர்க்கொருவர் கட்டளையிடும் வழக்கம் இல்லை. 'நீ முன்னே போ' என்று எவரும் எவரையும் ஏவுவதில்லை. ஒருவர் போவார், மற்றவர் பின்தொடர்வர். பின்தொடராமல் நின்றுவிட்டால் அதுவே தீர்ப்பு. முப்பது ஆண்டுகளாக மந்தைக்கு முன்னே போய்வந்த, ரவ்னா இசாத் இருவரின் தந்தை சென்ற இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார். இவ்வாண்டு முசேத்தின் கயிற்றை ரவ்னா கையில் எடுத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இசாத் மட்டும் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். நேற்றைய கூத்துக்குப் பிறகு இன்று மாலை கயிறு அவன் கைக்குப் போனால், அது அங்கேயே தங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். இனி ஆயுள் முழுவதும் மந்தையின் வாலில், பின்தங்கும் கிழ மான்களைப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

வண்டியின் முன்மூடியைத் திறந்தாள். அது தந்தையின் பழைய வண்டி. காற்றாலேயே குளிரும் எஞ்சின், வேகம் கிடையாது, ஆயினும் நாள் முழுவதும் நடைவேகத்தில் சலிக்காமல் ஊர்ந்து போகும். முன்வண்டிக்கு அதைவிட ஏற்றது இல்லை. இசாத்தின் புதிய வண்டி நீரால் குளிர்வது. ஓடும் பட்டை வாரியிறைக்கும் தூள்பனி அடியில் பட்டால்தான் அந்நீர் ஆறும். இரவுக் குளிரில் பனி இறுகிப் பொருக்குத் தட்டிய நிலத்தில், அதுவும் நடைவேகத்தில், தூளுக்கு எங்கே போவது? ஆகவே அண்ணனுக்கும் பழைய வண்டியின்மேல் ஒரு கண். வண்டி யாருக்கு என்று தந்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. சாவி எப்பொழுதும் வண்டியிலேயே இருக்கும். மந்தை கலைந்தால் அருகில் இருப்பவர் அருகில் இருப்பதில் தாவி ஏற வேண்டும், சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. எனவே யாருக்கு வேண்டுமோ அவர் எடுத்தார்.

நடுக்குளிர்காலத்தில் அதை எடுத்துப்போன இசாத், ஹேண்டில்பாருக்கு அடியில் ஓர் உயர்த்துக்கட்டை வைத்து, அதைத் தன் நெஞ்சளவுக்கு ஏற்றிவிட்டான். அவன் நெடியவன், நின்றுகொண்டே ஓட்டுவான். ரவ்னாவோ ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி ஓட்டுபவள். போதாக்குறைக்கு, பட்டியில் ஒரு கடா சுருக்குக்கயிற்றோடு அவளைச் சுழற்றியடித்ததிலிருந்து அவளுடைய வலத்தோள் மார்புக்கு மேலே நெடுநேரம் நிற்காது. வலக்கைக் கட்டைவிரலில்தான் விசைப்பிடி. ஏற்றிய ஹேண்டில்பாரை ஐந்து மணி நேரம் பிடிப்பதென்பது அவளால் ஆகாது. புறப்படுவதற்குச் சற்று முன்னர் அவள் அந்தக் கட்டையைக் கழற்றிச் சறுக்குவண்டிக்குள் எறிந்துவிட்டு, ஹேண்டில்பாரைப் பழைய நிலைக்குத் தாழ்த்தினாள். தாழ்த்தியதும் அவளுக்குப் பெருத்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் புறப்பட்டுவிட்டாள்.

"என்னடி ரவ்னா, காலங்காத்தால ஆஸ்பத்திரி தொறந்துட்டியா?" உலர்ந்த இறைச்சித் துண்டு ஒன்றைச் சீவிச் சீவி வாயில் போட்டபடி சிற்றப்பன் மிக்கல் வந்து நின்றார்.

"ஆமா சித்தப்பா. நோய் வண்டிக்கா, உங்க அண்ணன் மகனுக்கான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"ரெண்டும் எங்க அண்ணன் விட்டுட்டுப் போனதுதான். ரெண்டுக்கும் எண்ணெ போடணும்" என்று சொல்லிவிட்டு, அவர் எந்தக் கட்சியிலும் சேராதவராய்ச் சறுக்குவண்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எஞ்சினை ஓடவிட்டு, ரவ்னா ஹேண்டில்பாரை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள். எஞ்சின் அமைதியாக முனகியது. இடப்பக்கம் திருப்பினாள். பாதி வரையில் அதே முனகல்; பாதிக்கு மேல் குரல் ஏறிற்று; முழுவதும் ஒடித்ததும் அலறிற்று. விசைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். தளர்ந்து தொங்கியது. பொத்தானை அடித்து அணைத்துவிட்டு, தலையை எஞ்சினுக்குள் நுழைத்துக் கேபிளைக் கண்ணால் தொடர்ந்தாள்.

விசைப்பிடியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஆக்சிலேட்டர் கேபிள் தன் பழைய வழியில் இல்லை. அகன்ற வளைவாய்ச் சுற்றி வர வேண்டியது, திருப்பும் தண்டுக்கு முன்னால் குறுக்கு வழியில் இழுக்கப்பட்டு, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையால் அத்தண்டோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஹேண்டில்பார் உயரத்தில் இருந்தவரையில் அது நேராக நின்றிருக்கும். தாழ்த்தியதும் மிச்சப்பட்ட நீளம் ஒரு கண்ணியாய்ப் புடைத்துவிட்டது. இடப்பக்கம் ஒடிக்கும்போது அந்தக் கண்ணி தண்டுக்கும் தாங்கிக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கியது. உறை நசுங்கியதும் உள்ளே இருக்கும் கம்பியை அது பல்லால் கவ்வினாற்போல் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அதுவரையில் ரவ்னாவின் சினம் ஓரளவு ஒழுங்குக்குள் நின்றது. அடுத்து அவள் கண்டதுதான் அதை வரம்பு கடக்கச் செய்தது. விசைப்பிடிக்குள் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. கம்பி எங்கேனும் சிக்கி, விசைப்பிடி தளர்ந்து தொங்கினால், அது தானாகவே எஞ்சினை அணைத்துவிடும். நேற்று அது ஏன் அணைக்கவில்லை என்று அவள் யோசிக்கவேயில்லை. இப்பொழுது பார்த்தாள். அதன் ஒயர்களின் இணைப்பு பிடுங்கப்பட்டு, இரு முனையும் டேப் சுற்றி அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அந்த டேப் இசாத்தினுடையது. கிழிக்காமல் கத்தியால் அறுத்துச் சுற்றுபவன் அவன் ஒருவனே.

"அண்ணே!"

கூடாரத்திற்குள்ளிருந்து குரல் வந்தது. "காப்பி குடிச்சிட்டிருக்கேன்."

"காப்பிய நான் தட்டிக் கொட்டறதுக்கு முன்னாடி வெளிய வா!"

இசாத் கிண்ணத்தோடு வந்தான். காரென் அவன் பின்னால் வாயிற்சீலையைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இத யாரு கட்டினது?"

"எத?"

"கண்ணு இல்லயா? இத."

"நாந்தான். ஹேண்டில ஏத்தினப்ப கேபிள் எட்டல. குறுக்கால கொண்டுபோய்க் கட்டினேன். குளிர்காலம் பூரா ஓடிச்சே, ஒரு கொற உண்டா? நீ எறக்கின, கெட்டுது. இப்ப கட்டினவன் தலையில போடறியா?"

"சரி. இது?"

டேப் சுற்றிய ஒயர்களை அவள் விரலில் தூக்கிக் காட்டினாள். இசாத் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

"அது சும்மா சும்மா எஞ்சின அணைச்சுக்கிட்டே இருந்துச்சு."

"கேபிள கோணலா இழுத்துக் கட்டினா அணைக்காம முத்தமா குடுக்கும்?"

"ஏ, ரவ்னா! உடம்பு வெறைக்கற குளிர்ல, ஆள் நடமாட்டமே இல்லாத மேட்டுல வண்டி நின்னா, நீ வந்து என்னத் தூக்கிட்டுப் போவியா? எல்லாருந்தான் புடுங்கி வெச்சிருக்காங்க. சித்தப்பா வண்டிலயும் புடுங்கித்தான் இருக்கு, கேளு."

"என்ன ஏண்டா இழுக்கற? நான் இங்க கறி தின்னுட்டிருக்கேன்" என்றார் மிக்கல்.

"புடுங்கினது தப்புன்னு நான் சொன்னேனா?" ரவ்னாவின் குரல் உயர்ந்தது. "புடுங்கினத ஏன் சொல்லலன்னு கேக்கறேன். நேத்து நான் மொகரைய பேத்துக்கிட்டு எந்திரிக்கும்போது, அது ஏன் நிக்கலன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, வண்டி உன்ன ஓட்டிச்சான்னு கேட்ட. எல்லார் முன்னாடியும் கேட்ட!"

"ஹேண்டில எறக்கும்போது என்னக் கேட்டியா நீ?"

"ஏத்தும்போது என்னக் கேட்டியா நீ?"

"ஏத்தினதுக்கும் கேக்கல, எறக்கினதுக்கும் கேக்கல" என்று வாயிலிலிருந்து காரென் சொன்னாள். "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான், யாரும் சந்தேகப்பட வேண்டாம். கத்தறத நிறுத்துங்க, காட்டுல மான் காது தூக்குது."

இருவரும் குரலைத் தாழ்த்தினர், சினம் தாழவில்லை. "சாயங்காலத்துக்குள்ள இந்தக் கேபிள் சரியாகாது" என்று இசாத் பல்லுக்கிடையே சொன்னான். "பனிய உருக்குற தெக்குக் காத்து வருது. இன்னைக்கு விட்டா ஏரி நம்மளுக்கு இல்ல. உன் மருத்துவம் முடியறவரைக்கும் மான் சினையோட காத்திருக்காது. கயிறு எங்கிட்ட இருக்கட்டும்."

"எத வெச்சு முன்னால போவ? உன் தண்ணிக் குண்டான வெச்சா?"

அவன் கிண்ணத்தில் மிச்சமிருந்த காப்பியைப் பனியில் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

ரவ்னா வேலையில் இறங்கினாள். கறுப்புப் பட்டையைக் கத்தியால் வெட்டித் தூர எறிந்தாள். கேபிளை முழுவதும் விடுவித்து, நசுங்கிய இடத்தை விரலால் உருட்டிப் பார்த்தாள். உறை சற்றுத் தட்டையாகியிருந்ததே தவிர உள்ளே கம்பி இழை அறவில்லை. பிறகு தந்தை விட்டிருந்த பழைய வழியிலேயே, தண்டுக்குப் பின்னால், சூடேறும் குழாயைத் தொடாத அகன்ற வளைவாய் அதைக் கொண்டுவந்தாள். அங்கே பிளாஸ்டிக் பட்டை போடவில்லை. கேபிள் முன்னும் பின்னும் நகரும்படி தளர்ந்த தோல் வளையம் ஒன்றைத்தான் மாட்டினாள்.

வழி சரியாயிற்று, நீளம் சரியாகவில்லை. ஏற்றியிருந்த காலத்தில் இசாத் முறுக்கிவைத்த அளவு இப்பொழுது பொருந்தவில்லை. விசைப்பிடி பாதி தூரம் வெற்றாய் ஆடிய பிறகே கம்பி இழுபட்டது. கார்புரேட்டர் முனையில் இருந்த லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் திருகை வெளியே வரும்படி சிறிது சிறிதாகத் திருப்பினாள். சுவிட்சின் ஒயர்களையும் டேப்பை உரித்து மீண்டும் இணைத்தாள். எஞ்சினை ஓட்டினாள். தொட்டதும் அணைந்தது. இன்னும் தளர்வு இருக்கிறது. மீண்டும் திருகினாள். இம்முறை அணையவில்லை, ஆனால் இடப்பக்கம் ஒடித்தபோது குரல் மயிரிழை அளவு ஏறிற்று. அளவுக்கு மேல் இறுகிவிட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு பின்னோக்கித் திருகினாள்.

அப்பொழுதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. நேற்று ஹேண்டில்பாரைத் தாழ்த்தியவுடன், ஓடும் எஞ்சினோடு இரு பக்கமும் ஒரு முறை முழுவதும் ஒடித்துப் பார்த்திருந்தால் அக்கணமே தெரிந்திருக்கும். அதைச் செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததன்று. அண்ணன் ஏற்றியதை இறக்கிவிட்டோம் என்ற குதூகலத்தில் செய்யவில்லை. கட்டியது அவன், பிடுங்கியது அவன், பாராமல் ஏறி உட்கார்ந்தது அவள். இந்த நினைவு அவளுடைய சினத்தைத் தணிக்கவில்லை. முன்பு ஒருவன்மேல் இருந்த கோபம் இப்பொழுது இருவர்மேல் ஆயிற்று, அவ்வளவே.

கடைசியில் விசைப்பிடி, அழுத்தத் தொடங்கும் இடத்தில் ஒரு தீக்குச்சிப் பருமன் ஆடி, பிறகு கம்பியைப் பிடித்தது. லாக் நட்டை இறுக்கினாள். இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றியது. வைதுகொண்டே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். பிறகு ஓட்டினாள். வலம் ஒடித்தாள், இடம் ஒடித்தாள். ஒரே முனகல். கேபிளைக் கையால் பிடித்துச் சிக்கவைத்து, விரலை எடுத்துப் பார்த்தாள். எஞ்சின் உடனே அணைந்தது.

"ஆச்சு சித்தப்பா!"

மிக்கல் அவளைப் பார்க்காமல் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு ஆச்சு. அங்கயும் ஆச்சு போலிருக்கு."

அதற்குள் பகல் கழிந்து வெயில் தாழ்ந்து, பனிமேல் பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தது. இசாத் தன் புதிய வண்டியில், முசேத்தின் கயிற்றைப் பின்னே கட்டிக்கொண்டு, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். முசேத் அவனோடு போக மறுத்துப் படுத்துக்கொள்ளும் என்று ரவ்னா ஒரு கணம் நம்பினாள். கன்றாயிருந்தபோதே அதைக் கையால் பாசி ஊட்டி வளர்த்தவள் அவள். அதுவோ அவளைத் திரும்பியும் பாராமல், கழுத்துமணி ஒலிக்க, அவன் பின்னே ஒழுங்காக நடந்தது. அதன் பின்னே ஒன்று, அதன் பின்னே ஒன்றாய் மந்தை பிர்ச் காட்டிலிருந்து வெளிப்பட்டது.

"நன்றி கெட்ட நாயே" என்றாள் ரவ்னா.

"அது மான்டி" என்றார் மிக்கல். பின்பு எழுந்து, இறைச்சியைப் பையில் வைத்துக்கொண்டு, தம் வண்டியை நோக்கி நடந்தார். அவரும் பின்தொடரப் போகிறார். மந்தை நடக்கத் தொடங்கியபின் சண்டைக்காக அதை நிறுத்துவது எவர்க்கும் ஆகாது, ரவ்னாவுக்கும் ஆகாது. அவள் வாலில் போய்ச் சேர்ந்தாள்.

வாலில், கழற்றிய கூடாரத்தைத் தன் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு காரென் வந்துகொண்டிருந்தாள். மான்களின் குளம்புகள் நடையில் டிக்டிக்கென்று ஒலித்தன.

"நான் சொல்லிப் பாத்தேன் ரவ்னா."

"என்ன சொன்னீங்க அண்ணி?"

"அந்த வண்டி பொருக்குல நடக்காதுன்னேன். பொருக்கக் கீறறதுக்கு வண்டி அடியில இருக்கே, அந்தக் கீறுகம்பிய எறக்கிவிட்டுட்டா தூள் பறக்கும்னாரு."

"நடைவேகத்துல கீறுகம்பி என்ன தூள் பறத்தும்? அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரியாமப் போறவரா? கோவத்துல தெரிஞ்சது மறந்துபோகுது. உங்க குடும்பத்துல அது ரெண்டு பேருக்கு இருக்கு."

ஏரிக்கரைக்கு இறங்கும் வாயிலில் மந்தை நின்றது. முன்னேயிருந்து யாரும் கை காட்டவில்லை. ஆயினும் நிற்பது தெரிந்தது. மான்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, முகத்தைத் தூக்கித் தென்காற்றை முகர்ந்தன. இன்னும் சற்று நின்றால் ஏதாவது ஒரு கிழ மான் வந்த வழியே திரும்பும். திரும்பினால் மந்தை முழுவதும் திரும்பும். இரண்டாம் முறை திரும்பிய மந்தையை மூன்றாம் முறை ஏரிக்குக் கொண்டுவருவதற்குப் பனிக்கட்டி காத்திராது.

"வால நான் பாத்துக்கறேன். நீ போ" என்றாள் காரென்.

ரவ்னா மந்தையிலிருந்து வெகுதூரம் விலகி, மான்கள் மிரளாதபடி அகன்ற வட்டமாய்ச் சுற்றி, விசையைக் கூட்டாமல் குறைக்காமல் முன்னே போய்ச் சேர்ந்தாள். மிக்கல் முன்னரே வந்து, வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இசாத்தின் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடியின் இடுக்குகளிலிருந்து நீராவி சீறியது. சீடாவின் முன்னோடியாய்ப் புறப்பட்டவன் மண்டியிட்டு, பன்றிக்கொழுப்பு வறுக்கும் வாணலியால் பொருக்கை உடைத்து உடைத்து, தன் வண்டியின் அடியில் பனியை வாரி வாரி அப்பிக்கொண்டிருந்தான்.

"எத்தன பேருக்குச் சமையல் அண்ணே?"

இசாத் நிமிர்ந்தான். முகம் சிவந்திருந்தது. "பேச்சு வேண்டாம். பழைய வண்டியக் குடு. இத நீ எடுத்துக்கிட்டுப் பின்னால வா."

"ஏறு."

அவள் இறங்கி விலகிக்கொண்டாள். இசாத் ஏறினான். நின்று பார்த்தான், ஹேண்டில்பார் அவன் இடுப்புக்குக் கீழே இருந்தது, அதைப் பிடிக்க அவன் கேள்விக்குறி போல் வளைய வேண்டியிருந்தது. முழங்காலூன்றிப் பார்த்தான், இடப்பக்கம் ஒடிக்கும்போது கைப்பிடி அவன் முழங்காலிலேயே மோதி நின்றது. மிக்கல் இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஸ்பேனரக் குடு" என்றான் இசாத். "கட்டைய வெச்சு ஏத்திக்கறேன். நிமிஷ வேலை."

ரவ்னா ஸ்பேனரைப் பையிலிருந்து எடுத்தாள். எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். குரலை உயர்த்தவில்லை, மான்கள் அருகில் இருந்தன. உயர்த்தாத குரலில் அவ்வளவு கோபத்தை மிக்கல் அதற்கு முன் கேட்டதில்லை.

"இந்தா. ஏத்து. இப்ப கேபிள் சரியான வழியில, சரியான அளவுல இருக்கு. ஏத்தினா அது விண்ணுன்னு இழுக்கும். இழுத்தா எஞ்சின் தானா கத்தும். திரும்பக் குறுக்கால கட்டு. சுவிட்ச புடுங்கு. டேப் இருக்கில்ல, அழகா சுத்து. சுத்திட்டு, அதோ அங்க ஆறு வந்து விழுற எடத்துல பனிக்கட்டி மேல கறுப்பாத் தண்ணி தெரியுது பாரு, அத ஒட்டி எடப்பக்கம் ஒடி. முசேத்து பின்னால இருப்பான். மொத்த மந்தையும் பின்னால இருக்கும். நேத்து நான் விழுந்தது பனியில. நீ எதுல விழுவியோ எனக்குத் தெரியாது. இந்தா, புடி!"

இசாத் ஸ்பேனரை வாங்கினான். வாங்கி, ஹேண்டில்பாரைப் பார்த்தான், நட்டைப் பார்த்தான், ஏரியில் கருத்துக் கிடந்த நீரைப் பார்த்தான். பின்னே ஒரு மான் கனைத்தது. வரிசையின் நடுவில் இரண்டொரு தலைகள் காட்டுப்பக்கம் திரும்பிவிட்டன.

"சித்தப்பா, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான்.

"நான் என்னத்தச் சொல்ல? நீங்க ரெண்டு பேரும் தீத்துக்கறதுக்குள்ள மான் தீத்துக்கும் போலிருக்கு" என்றார் மிக்கல்.

இசாத் வண்டியைவிட்டு இறங்கினான். ஸ்பேனரைத் திருப்பித் தரவில்லை, பனியில் போட்டான். முசேத்தின் கயிற்றைத் தன் வண்டியிலிருந்து அவிழ்த்து, அவளிடம் நீட்டாமல், பழைய வண்டியின் இருக்கைமேல் எறிந்தான்.

ரவ்னா ஸ்பேனரைப் பொறுக்கவில்லை. கயிற்றைச் சறுக்குவண்டியின் பின்னே கட்டினாள். முழங்காலூன்றி ஏறினாள். தாழ்ந்த ஹேண்டில்பார் அவளுடைய வலத்தோளுக்கு வலியில்லாத உயரத்தில், கையைத் தானே தேடி வந்தாற்போல் அமைந்தது. கட்டைவிரலை அழுத்தினாள். வண்டி நகர்ந்தது, மணி ஒலித்தது, முசேத் இப்பொழுதும் எவரையும் பாராமல் நடந்தது. பின்னே முதல் சினைமான் ஒரு கணம் தயங்கி, பனிக்கட்டியில் மூக்கை வைத்து முகர்ந்து, கால் வைத்தது.

ஏரி நெடுகப் பனிக்கட்டி அடியில் எங்கோ முனகியது. ஆறு வந்து விழும் இடத்தில் கருத்த நீர் அவள் எதிர்பார்த்ததைவிடப் பரவிக் கிடந்தது. அவள் இடப்பக்கம் ஒடித்தாள், இன்னும் ஒடித்தாள், முழுவதும் ஒடித்தாள். எஞ்சின் அதே முனகலில் இருந்தது. மந்தை அந்த நீரின் விளிம்பைச் சுற்றி வளைந்து, நூல் அறாமல் வந்தது. மகிழ வேண்டிய அவ்விடத்திலும் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு எளிதாய் இருந்திருக்க வேண்டிய ஒன்றை இத்தனை பெரிய சண்டையாக்கிவிட்டானே என்று உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

அக்கரையில் மான்கள் பனியைக் குளம்பால் தோண்டிப் பாசி தேடத் தொடங்கின. கடைசி மான் கரையேறியபின் இசாத்தும் வந்து சேர்ந்தான். அவன் வண்டி ஆறியிருந்தது. மீசையில் பனி பூத்திருந்தது. அவளுக்கு நாலெட்டு தூரத்தில் வண்டியை நிறுத்தினான்.

"நாளைக்கும் நாந்தான் முன்னால" என்றாள் ரவ்னா.

"நாளைக்குப் பாப்போம்."

"பாக்க வேண்டாம். இப்பச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"நேத்து எல்லார் முன்னாடியும் ஒண்ணு கேட்டியே, அதே எல்லாரும் இங்க இருக்காங்க. சுவிட்ச புடுங்கினவன் நீன்னு சொல்லு. நாளைக்கு அவ முன்னால போவான்னு சொல்லு. வாயத் தொறந்து சொல்லு."

இசாத் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். காரெனையும் சிற்றப்பனையும் பார்த்தான். அவர்கள் இருவரும் மான்களை எண்ணுவதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் வண்டியைக் கிளப்பி, அவளைக் கடந்து முன்னே போகாமல், அகன்ற வட்டமாய் மந்தையைச் சுற்றிக்கொண்டு வாலுக்குப் போனான். அங்கே போய் வண்டியை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"சொல்லிட்டான்டி" என்றார் மிக்கல் மெல்ல.

"எங்க சொன்னான்? என் காதுல விழல."

"இதுக்கு மேல அவன் எப்படிச் சொல்லுவான்? உங்க அப்பனும் இப்படித்தான்."

"எனக்கு வாயால வேணும் சித்தப்பா."

மிக்கல் அடுப்பு மூட்டச் சுள்ளி தேடப் போய்விட்டார். ரவ்னா வண்டியிலேயே, ஹேண்டில்பாரின்மேல் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மந்தை அவளுக்கும் அவனுக்கும் நடுவே படுத்து அசைபோடத் தொடங்கியது. காப்பி கொதித்ததும் காரென் இருவருக்குமாக இரண்டு கிண்ணங்களை நிரப்பி, எதை முதலில் எடுத்துப்போவது என்று தெரியாமல் நின்றாள்.

"அண்ணனுக்கு முதல்ல குடுங்க அண்ணி" என்றாள் ரவ்னா, திரும்பாமலே. "குடிக்க வாயத் தொறப்பாருல்ல, அப்ப பக்கத்துல நில்லுங்க. ஒரு வேளை வெளிய வந்தாலும் வரும்."